உலைக்கு முன்னால் நிற்பவருக்கு ஒரு சொல்

கோவையில் பவுண்டரி நடத்தும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அப்பா தொடங்கிய தொழில். இப்போது இவர் பார்த்துக்கொள்கிறார். 140 பேர் வேலை செய்கிறார்கள். அதில் 90 பேருக்கு மேல் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். பாதுகாப்புக்குச் செலவு செய்வதில் குறை வைக்கவில்லை என்கிறார். ஷெட் முழுக்கப் பலகைகள். போன வருடம் சந்தா கட்டி ஒரு செயலி வாங்கினார். சூப்பர்வைசர்களுக்கென்று வாட்ஸ்அப் குழு இருக்கிறது. இத்தனைக்கும் பிறகு சென்ற மாதம் ஈர ஸ்கிராப் உலைக்குள் போய், உருகிய இரும்பு தெறித்து, ஒருவருக்குக் காலும் தொடையும் வெந்துவிட்டன. ‘ஈரமான ஸ்கிராப் போடாதீர்’ என்ற பலகை அவருக்குப் பத்தடி பின்னால்தான் மாட்டியிருந்ததாம். ‘தகவல் சொல்லும் முறையை நவீனப்படுத்த இன்னும் எதை வாங்க வேண்டும்?’ என்று கேட்கிறார்.

எதையும் வாங்க வேண்டாம். முதலில் சிலவற்றைக் கழற்ற வேண்டியிருக்கிறது.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய சொல் ‘பின்னால்’. ஸ்கிராப் போடுகிறவர் உலையைப் பார்த்து நிற்கிறார். பலகை அவர் முதுகைப் பார்த்து நிற்கிறது. அதை அங்கே மாட்டியவர், வாசல் வழியாக உள்ளே வரும் ஒருவருடைய கண்ணை மனத்தில் வைத்து மாட்டியிருக்கிறார். ஆய்வாளர் வருவார், தணிக்கைக்கு வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆள் வருவார், அவர்கள் போட்டோ எடுப்பார்கள். நம் தொழிற்சாலைப் பலகைகளில் பெரும்பாலானவை வந்து பார்ப்பவர்களுக்காக மாட்டப்பட்டவை. இதை யாரையும் குற்றம் சொல்லச் சொல்லவில்லை. பாதுகாப்பு அலுவலராக இருந்த காலத்தில் ஒவ்வொரு மார்ச் 4ஆம் தேதியும், தேசியப் பாதுகாப்பு நாள் என்று, நானும் நான்கு புதுப் பலகை மாட்டியிருக்கிறேன். பழையதைக் கழற்றியதாக நினைவில்லை. ஒருமுறை மோல்டிங் பகுதியில் பதினோரு வருடம் வேலை பார்த்த பெரியவரிடம், தலைக்கு மேலே இருந்த பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். “பலகையா? எங்கீங்க சார்?” என்று அண்ணாந்து பார்த்தார். எனக்கு அன்றுதான் முதல் பாடம்.

ஆகவே, திங்கட்கிழமை காலையில் போனை எடுத்துக்கொண்டு கேட்டிலிருந்து நடங்கள். ஒவ்வொரு பலகையையும், அதைப் படிக்க வேண்டியவர் நிற்கும் இடத்திலிருந்து படம் எடுங்கள். அவர் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறாரோ அந்தப் பக்கமாக. அந்தப் படத்தில் பலகை தெரியாவிட்டால், அது அவருக்கான பலகை அல்ல. தெரிகிறது, ஆனால் அதிலுள்ள எழுத்து அவர் படிக்கும் எழுத்து இல்லையென்றாலும் அதே கதைதான். இப்படிக் கழித்துக்கொண்டே போனால் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது என்று நினைக்கிறேன். சட்டப்படி வாசலருகே மாட்ட வேண்டியவற்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கழற்றிவிடலாம்.

சட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 108ஆம் பிரிவு, அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் தொழிலாளர்களில் பெரும்பான்மையோருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. உங்கள் ஷெட்டில் பெரும்பான்மை எது? பீகார்க்காரர்கள் தங்களுக்குள் போஜ்புரியோ மைதிலியோ பேசுகிறார்கள், ஒடிசாக்காரர்கள் ஒடியா, மெக்கானிக்கும் கிரேன் ஓட்டுபவரும் தமிழ். ஊரே ஒரு மொழி பேசிய காலத்தில் எழுதிய வரி அது. இப்போது 2020ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்தைப் பிடிக்கிறது. எந்தச் சட்டமாக இருந்தாலும் அது சொல்வது குறைந்தபட்சம்தான். அதைச் செய்து முடித்ததும் தகவல் போய்ச் சேர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வதில்தான் கோளாறு.

மொழி எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குப் போபாலைவிடச் சாட்சி வேண்டாம். 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மெத்தில் ஐசோசயனேட் கசிந்தது. ஆலையை இயக்கும் கையேடுகள் ஆங்கிலத்தில் இருந்தன. இயக்கியவர்களில் பலருக்குத் தெரிந்த மொழி ஹிந்தி. ஊருக்குக் கேட்கும் சங்கு கொஞ்ச நேரம் ஊதி நிறுத்தப்பட்டது. சிறு கசிவுக்கெல்லாம் ஜனங்கள் பயந்துவிடக் கூடாது என்பது ஆலையின் நடைமுறை. ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும் என்ற ஒரு வரி, சுவருக்கு அந்தப் பக்கம் குடிசையில் இருந்தவர்களுக்கு அதற்கு முன்பு சொல்லப்பட்டிருக்கவில்லை. 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தி, ஆபத்தான செய்முறை உள்ள ஆலைகள் தொழிலாளர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் தகவல் சொல்லியே ஆக வேண்டும் என்று சேர்த்தார்கள். அந்த ஆபத்தான செய்முறைப் பட்டியலில் வார்ப்படத் தொழிலும் உண்டு என்பதை நம் ஊர் முதலாளிகள் பலர் கவனிப்பதில்லை.

இனி ஈர ஸ்கிராப்புக்கு வருவோம். உங்கள் பலகை இருந்த இடம் மட்டுமல்ல, அதில் எழுதியிருந்ததும் தவறு என்பேன்.

‘ஈரம்’ என்றால் வேலை செய்பவருக்கு என்ன அர்த்தம்? தொட்டால் கை நனைய வேண்டும், சொட்ட வேண்டும். ஆனால் உலையை வெடிக்கவைப்பது பெரும்பாலும் அந்த ஈரம் அல்ல. இரண்டு முனையும் அடைபட்ட குழாய்த் துண்டுக்குள் தேங்கிய மழைத் தண்ணீர், நசுங்கிய டப்பாவின் மடிப்பில் நின்ற சொட்டு, கூலன்ட் ஊறிய லேத் சுருள், மூடி கழற்றாத எண்ணெய் டின். வெளியே எல்லாம் காய்ந்துதான் இருக்கும். உருகிய இரும்பு 1,400 டிகிரிக்கு மேல். அதற்கடியில் போய் மாட்டிக்கொண்ட தண்ணீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல் விரிகிறது. ஒரு டம்ளர் தண்ணீர் கண்ணிமைப்பதற்குள் ஒரு சிறிய பீரோ அளவுக்கு இடம் கேட்டால், மேலே இருக்கும் உலோகம் எங்கே போகும்? கசடு எடுக்கும் கம்பி பனியில் கிடந்து ஈரம் ஏறியிருந்தாலும், பூச்சு காயாத லேடிலில் இரும்பை ஊற்றினாலும் இதே விளைவுதான்.

இதை எழுதி மாட்டினால் பத்து வரி ஆகும், ஒருவரும் படிக்க மாட்டார்கள். எழுத வேண்டாம், காட்டுங்கள். ஸ்கிராப் போடும் மேடைக்கு எதிரே, உலையைப் பார்த்து நிற்பவரின் கண் மட்டத்தில், சிவப்புப் பெயின்ட் அடித்த ஒரு கம்பிச் சட்டம் வையுங்கள். அதில் அடைபட்ட குழாய் ஒன்று, நசுங்கிய டப்பா ஒன்று, எண்ணெய் டின் ஒன்று, லேத் சுருள் ஒரு பிடி ஆகியவற்றை நிஜமாகவே கட்டித் தொங்கவிடுங்கள். குழாயைப் பாதியாக அறுத்து உள்ளே தண்ணீர் நின்ற துருக்கோடு தெரியும்படி வைத்தால் இன்னும் நல்லது. இதற்கு மொழியே வேண்டாம். ஒடிசாவிலிருந்து நேற்று ராத்திரி ரயிலில் வந்திறங்கிய பையனுக்கும் புரியும். மாதம் ஒருமுறை, உண்மையில் பிடிபட்ட பொருளை அதில் மாற்றித் தொங்கவிட வேண்டும். மாறாத பொருளைக் கண் இரண்டு வாரத்தில் பார்க்காமல் விட்டுவிடும்.

இங்கே ஒரு இடைச்செருகல். உங்கள் ஸ்கிராப் யார்டுக்குக் கூரை இருக்கிறதா? கடிதத்தில் இல்லை. கூரை போட வேண்டிய இடத்தில் பலகை மாட்டிவிட்டு, படிக்காத தொழிலாளியைக் குறை சொல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஷீட் போட்டு, ஸ்கிராப்பை முன்கூட்டியே சூடாக்கி உலர்த்தும் ஏற்பாடு செய்துவிட்டால், நீங்கள் சொல்ல வேண்டிய தகவல் பாதியாகக் குறைந்துவிடும். அறிவிப்பு என்பது மிச்சமிருக்கும் ஆபத்துக்குத்தான்.

சொல்லியே ஆக வேண்டியவற்றை எந்த மொழியில் சொல்வது? போனில் மொழிபெயர்த்து அச்சடித்து ஒட்டுவது இப்போது எளிதாகிவிட்டது, அதனாலேயே ஆபத்தாகிவிட்டது. ஒரு இடத்தில் ‘சார்ஜ் செய்யும்போது விலகி நில்’ என்பதை, உலைக்கு ஸ்கிராப் போடும் சார்ஜ் என்று தெரியாமல், பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் சார்ஜாக மொழிபெயர்த்து ஒட்டியிருந்தார்கள். நான்கு மாதம் யாரும் கவனிக்கவில்லை. அதாவது, படிக்கத் தெரிந்தவரும் படிக்கவில்லை. மொழிபெயர்த்ததை அந்த மொழிக்காரர் ஒருவரிடம் கொடுத்து, “இதில் என்ன போட்டிருக்கிறது, உன் சொல்லில் சொல்” என்று கேளுங்கள். இன்னொருவரிடமும் கேளுங்கள். இரண்டு பேரும் ஒன்றையே சொன்னால்தான் ஒட்டலாம்.

ஆனால் தாய்மொழியைப் பேசத் தெரிந்து படிக்கத் தெரியாதவர்கள் எப்போதும் இருப்பார்கள். அவர்களுக்குக் குரல்தான் வழி. ஒடிசாக்காரர்களில் மற்றவர்கள் மதிக்கும் ஒரு ஆள் இருப்பார். ஊர்க்காரர்களை அழைத்து வந்தவரோ, பண்டிகைக்கு டிக்கெட் போட்டுக் கொடுப்பவரோ. அவர் குரலில், நாற்பது வினாடிக்குள், உங்கள் ஷெட்டிலேயே உங்கள் உலையைக் காட்டி ஒரு வீடியோ எடுங்கள். மற்ற மொழிக்காரர்களுக்கும் இப்படியே. அந்த இயந்திரத்தின் மேலேயே கியூஆர் கோடு ஒட்டி, அதைத் திறந்தால் தமிழ், ஹிந்தி, ஒடியா மூன்றிலும் அந்த வீடியோ வரும்படி செய்யலாம். ஷெட்டில் போனுக்குத் தடை என்று இன்னொரு பலகை மாட்டியிருந்தால் இந்தக் கியூஆர் கோடால் ஒரு பயனும் இல்லை, இப்படியும் பார்த்திருக்கிறேன். அப்படியானால் கேன்டீனிலோ, ஷூ மாற்றும் இடத்திலோ ஒட்டுங்கள்.

இன்னொரு வேலை, செலவே இல்லாதது. ஆபத்து நேரத்தில் கத்துவதற்கென்று பத்துச் சொற்களை ஷெட்டுக்குப் பொதுவாக்குங்கள். தமிழர் ‘நில்லு’ என்று கத்துவார், பீகார்க்காரர் ‘ருக்கோ’ என்பார். எதைக் கத்தினால் எல்லோரும் நிற்பார்கள் என்பதை முன்பே பேசி முடிவு செய்ய வேண்டும். ‘ஈரம்’ ஹிந்தியில் ‘கீலா’, ஒடியாவில் ‘ஓதா’. இந்த மூன்றும் எல்லோர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். வடநாட்டுப் பையன்கள் தமிழ் கற்றுக்கொள்ளட்டும் என்று உங்கள் மேஸ்திரி சொல்லுவார். உலை தெறிக்கும்போது யார் கற்றுக்கொண்டிருந்தாலும் நமக்கு லாபம்தானே.

சத்தத்தை மறந்துவிடாதீர்கள். ஃபெட்லிங், ஷாட் பிளாஸ்டிங் பகுதிகளில் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். காதில் அடைப்பான் வைத்துக்கொள்ளச் சொல்கிறோம். பிறகு ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்கிறோம். அங்கே சுழலும் விளக்கு வேண்டும், கை ஜாடைகள் வேண்டும். கிரேன்காரருக்குக் காட்டும் ஜாடைகள் ஏற்கெனவே இருக்கின்றன, அவற்றோடு இரண்டு சேர்த்தால் போதும்.

காலையில் ஷிப்ட் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் நின்று பேசுவது பல இடங்களில் இருக்கிறது. சூப்பர்வைசர் தாளைப் பார்த்துப் படிப்பார், எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள், கடைசியில் கையெழுத்து. இதைத் தலைகீழாக்கினால்தான் பயன். ஜப்பானில் 1970களில் சுமிடோமோ உருக்காலையில் தொடங்கிய ஒரு பயிற்சி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துக் கார் ஆலைகளுக்கெல்லாம் வந்திருக்கிறது. வேலை நடக்கும் ஒரு படத்தைக் காட்டி, ‘இங்கே என்ன ஆபத்து ஒளிந்திருக்கிறது’ என்று வேலை செய்பவர்களைச் சொல்லவைப்பார்கள். நீங்கள் உங்கள் ஷெட்டில் நேற்று எடுத்த படத்தைக் காட்டுங்கள். பேசுவது தொழிலாளி, கேட்பது சூப்பர்வைசர். அதே ஜப்பானில் ரயில் ஓட்டுநர்கள் சிக்னலைக் கையால் சுட்டிக்காட்டி, அதன் நிலையை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் நகர்வார்கள். பார்க்க வேடிக்கையாக இருக்கும். 1994இல் அங்குள்ள ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் ஒரு எளிய வேலையில் சோதித்தபோது, சுட்டிச் சொல்வதால் பிழைகள் ஏறத்தாழ 85 விழுக்காடு குறைந்தன. உங்கள் லேடில்காரர் ஊற்றுமுன் விரல் நீட்டி “பூச்சு காய்ந்தது, வழி காலி” என்று உரக்கச் சொன்னால் முதல் வாரம் மற்றவர்கள் சிரிப்பார்கள். மூன்றாவது வாரம் அவர் சொல்லாமல் விட்டால் திரும்பிப் பார்ப்பார்கள்.

நான் மிக முக்கியமாக நினைப்பது ஷிப்ட் மாறும் நேரம். 1988 ஜூலை 6ஆம் தேதி, வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பகல் ஷிப்ட்டில் கழற்றிப் பராமரிப்புக்கு எடுத்தார்கள். திறந்த குழாய் முனையைத் தற்காலிகமாக ஒரு தகட்டால் மூடினார்கள். பம்பை இயக்கக் கூடாது என்ற தாள் எழுதப்பட்டது. பொறுப்பாளர் வேறு வேலையில் இருந்ததால் நேரில் சொல்லாமல் வைத்துவிட்டுப் போனார்கள். இரவில் இன்னொரு பம்ப் நின்றுபோக, வால்வு பற்றிய தாள் கண்ணில் படாத இரவு ஷிப்ட்காரர்கள் இந்தப் பம்பை ஓட்டினார்கள். மேடை வெடித்து 167 பேர் இறந்தார்கள். தாள் இருந்தது, எழுதவும் எழுதியிருந்தார்கள். ஒருவர் இன்னொருவரிடம் வாயால் சொல்லவில்லை, இயந்திரத்தின் மேலும் எதுவும் தொங்கவில்லை.

உங்கள் பவுண்டரிக்கு இதிலிருந்து வேண்டியது ஒரு வெள்ளைப் பலகை. உலை அருகே மாட்டி, மேலே ‘இந்த ஷிப்ட்டில் மாறியது’ என்று மட்டும் எழுதுங்கள். கூலன்ட் லைன் கசிகிறது, மூன்றாம் நம்பர் கிரேன் பிரேக் பார்க்கப்படுகிறது, இன்று வந்த ஸ்கிராப் புது வியாபாரியுடையது: இவ்வளவுதான் அதில் வரலாம். போகும் சூப்பர்வைசரும் வரும் சூப்பர்வைசரும் அதன் முன் சேர்ந்து நின்று பேசி, வருகிறவர் அழித்து எழுத வேண்டும். எப்போதும் உள்ள எச்சரிக்கைகளை அதில் எழுதவே விடாதீர்கள். எழுதினால் அதுவும் சுவராகிவிடும். பழுதுபார்க்கும் இயந்திரத்துக்குப் பூட்டும், பூட்டியவர் படம் ஒட்டிய அட்டையும் தனி. அதற்கு வெள்ளைப் பலகை மாற்று அல்ல.

வாட்ஸ்அப் குழுவைப் பற்றிச் சுருக்கமாக. காலை வணக்கப் படங்களும் பிறந்தநாள் கேக்கும் வரும் குழுவில் பாதுகாப்புச் செய்தி போடாதீர்கள். தனிக் குழு, நிர்வாகி மட்டும் பதிவிடும்படி, நாளுக்கு ஒன்றுக்கு மேல் இல்லை, முடிந்தவரை குரல் பதிவு. கான்ட்ராக்டர் ஆட்கள் அதில் இல்லையென்றால், யார் அதிகம் அடிபடுகிறார்களோ அவர்களை விட்டுவிட்டு மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். நீல டிக் வந்தால் செய்தி புரிந்துவிட்டது என்று கணக்கெழுதும் பழக்கத்தையும் விட வேண்டும்.

கெமிக்கல்களுக்கு வரும் பாதுகாப்புத் தரவுத் தாள் 16 பகுதிகள் கொண்டது. அது டாக்டருக்கும் தீயணைப்புக்காரருக்கும் வேண்டும். ஆபீசிலும் கேட்டிலும் இருக்கட்டும். கோர் செய்யும் இடத்தில் ரெசின் டிரம்முக்கு மேலே உள்ளங்கை அளவில் ஒரு அட்டை போதும்: கண்ணில் பட்டால் என்ன, தோலில் பட்டால் என்ன, மூச்சில் போனால் என்ன, யாரைக் கூப்பிடுவது.

சத்தம் போடாத ஆபத்து ஒன்றும் உங்கள் ஷெட்டில் இருக்கிறது: மணல் தூசி. தெறித்த இரும்பை எல்லோரும் பார்க்கிறார்கள். நுரையீரலில் படியும் சிலிக்கா பல வருடம் கழித்துத்தான் பேசும். முகமூடி போடு என்று ஆயிரம் முறை சொன்னாலும் ஏறாது, ஏனென்றால் கெடுதல் செய்யும் நுண்தூசி கண்ணுக்குத் தெரிவதில்லை. இரவு ஷிப்ட்டில் மோல்டைத் தட்டி உடைக்கும் இடத்தில் விளக்குகளை அணைத்துவிட்டு, கூர்மையான ஒளிக்கற்றை உள்ள டார்ச்சை எதிர்ப்பக்கமிருந்து அடியுங்கள். ஓலைக் கூரை ஓட்டை வழியே விழும் வெயிலில் தூசி மிதக்குமே, அதுபோல் அவர்கள் மூச்சு விடும் காற்று முழுக்கத் தெரியும். அதை அவர்கள் போனிலேயே எடுக்கச் சொல்லுங்கள். அன்றே முகமூடி கேட்டு வருவார்கள், தூசி உறிஞ்சும் குழாய் ஏன் வேலை செய்யவில்லை என்றும் கேட்பார்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டு டார்ச்சை அடியுங்கள்.

இதுவரை சொன்னது மேலிருந்து கீழே போகும் தகவல். கீழிருந்து மேலே வருவதற்கு என்ன வழி வைத்திருக்கிறீர்கள்? சென்ற மாத விபத்துக்கு முன்பு உலை சின்னதாகத் தெறித்திருக்கும். ஒருமுறை அல்ல, பலமுறை. எப்போதும் தெறிக்கும். யாராவது சொன்னார்களா? சொன்னவருக்கு என்ன நடந்தது? உடனடி ஆபத்து தெரிந்தால் நிர்வாகத்துக்கு எச்சரிக்கும் உரிமையை அதே 1987 திருத்தம் தொழிலாளிக்குக் கொடுத்தது. ஆனால் உரிமை தாளில் இருந்து, ‘உனக்கு வேலை செய்ய இஷ்டமில்லையா’ என்ற பேச்சு ஷெட்டில் இருந்தால் எது ஜெயிக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு போன் நம்பர் கொடுங்கள், எந்த மொழியிலும் குரல் பதிவு அனுப்பலாம் என்று சொல்லுங்கள். அனுப்பியவருக்கு மறுநாள் ஷிப்ட்டுக்குள் பதில் போக வேண்டும்: சரி செய்தாகிவிட்டது, இதோ படம், அல்லது இன்ன தேதிக்குள் செய்வோம். பதில் வராத பெட்டியில் இரண்டாவது முறை யாரும் சீட்டுப் போட மாட்டார்கள். அபராதமும் கூடாது, பரிசும் வேண்டாம் என்பேன். பரிசு வைத்தால் கணக்குக்குச் சீட்டு வரும்.

தகவல் சேர்ந்ததா என்று பார்க்கக் கையெழுத்துப் பதிவேட்டைப் புரட்டாதீர்கள். வாரம் ஒருநாள் ஐந்து பேரை வழியில் நிறுத்துங்கள், அதில் இருவராவது சேர்ந்து ஒரு மாதம் ஆகாதவர்கள். இன்று உன் இடத்தில் எது மாறியிருக்கிறது? உலை தெறித்தால் எந்தப் பக்கம் ஓடுவாய்? எதை உள்ளே போடக் கூடாது, காட்டு. வாயால் சொல்ல வராவிட்டால் கையால் காட்டட்டும். ஐந்தில் மூன்று பேர் தடுமாறினால் அது உங்கள் தேர்வு முடிவு, அவர்களுடையது அல்ல. இந்த எண்ணிக்கையை மாதக் கூட்டத்தில் உற்பத்திக் கணக்குக்கு முன்னால் வாசியுங்கள்.

செயலிக்குச் சந்தா முடிய இன்னும் எட்டு மாதம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தூக்கி எறிய வேண்டாம். கிரேன் கயிறு எப்போது சோதிக்கப்பட்டது, யாருக்கு எந்தப் பயிற்சி எந்தத் தேதியில் ஆனது, குரல் பதிவில் வந்த புகார்களில் எது இன்னும் முடியவில்லை என்பதையெல்லாம் அதில் ஏற்றுங்கள். அதற்கு அது நன்றாகவே உதவும். சூப்பர்வைசர்கள் திறக்கட்டும். உலை முன்னால் நிற்பவர் திறக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், அவர் கையில் இடுக்கி இருக்கிறது. காலில் காயம்பட்டவர் எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தால், அந்தச் சிவப்புச் சட்டத்தில் எதையெதைத் தொங்கவிடலாம் என்று முதலில் அவரிடம் கேளுங்கள்.